பின்னணி இல்லாத படம்

தம்பி, அதை எம்புட்டு இழுத்தாலும் தெளியாது. விட்டுருங்க. அருப்புக்கோட்டையில ஏறுனதுல இருந்து நானும் பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். ரெண்டு விரலை வச்சு இழுக்குறீங்க, சுருக்குறீங்க, போனைக் கண்ணுக்கிட்ட கொண்டு போறீங்க. வீட்டுப் பிளான்தானே? பெட்ரூம் அகலம் பதினொண்ணா பதினேழான்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, அதை அனுப்புனவனுக்கே தெரிஞ்சிருக்காது. எவன் போட்டுக் கொடுத்தான்? சொல்ல வேண்டாம், பேரைக் கேட்டு நான் என்ன பண்ணப் போறேன். வாசல்ல பெருசா போர்டு மாட்டியிருப்பான்.

நானும் இந்தத் தொழில்தான். மதுரையில, வில்லாபுரத்துல. கம்ப்யூட்டர்ல பிளான் போட்டு, அதைப் படமா மாத்திக் கொடுக்கிறது. நீங்க கேட்கலாம், பிளான் போடுறவன் ஆயிரம் பேர் இருக்கான்னு. இருக்கான். படமா மாத்தத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? மானிட்டரையே போன்ல போட்டோ எடுத்து அனுப்புறவன் இருக்கான் தம்பி. அதுல அவன் மூஞ்சி தெரியும், பின்னாடி ஓடுற ஃபேன் தெரியும், பிளான் மட்டும் தெரியாது. இன்னொருத்தன் ஒழுங்கா படமாக்குவான், ஆனா சின்னதா ஆக்குவான். அதை வாட்ஸப்ல போட்டோவா தள்ளி விடுவான். போட்டோவா அனுப்புனா நசுங்கிப் போகும், டாக்குமெண்ட்டா அனுப்புடான்னா, அது எங்கண்ணே இருக்குன்னு கேட்பான். இவய்ங்க எல்லாம் இன்ஜினியர்.

நான் அனுப்புற படத்தை நீங்க எம்புட்டு வேணா பெருசாக்கிப் பார்க்கலாம். வாசல்ல ஒரு துளசிச் செடி போட்டேன்னு வைங்க, இலை இலையா எண்ணலாம். ஒரு கோடு உடையாது. அதுவும் பின்னணி இல்லாம கொடுப்பேன். புரியலையா? வெள்ளை அட்டை ஒட்டுன மாதிரி இருக்காது. வெறும் கோடு மட்டும், கண்ணாடியில வரைஞ்ச மாதிரி. எந்தக் கலர் மேல வேணாலும் தூக்கி வைக்கலாம். பத்திரிகையில அடிக்கலாம், பேனர்ல அடிக்கலாம். மதுரை முழுக்கத் தேடினாலும் அப்படிக் கொடுக்கிறவன் கிடைக்க மாட்டான். கொடுத்து என்ன பிரயோசனம்? வாங்குறவனுக்கு யோக்கியதை வேணும்ல.

இன்னைக்கு எங்க போயிட்டு வர்றேன் தெரியுமா? மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி, மாம்பழக் கலர் பட்டுச்சேலை தெரியுதா, அது என் சம்சாரம் தமயந்தி. இங்க எடம் இருந்துச்சு, இருந்தும் வரல. லேடீஸ் சீட்ல போய் உக்காந்துக்கிட்டா. கோவமாம். யார் மேல கோவப்படணுமோ அவன் மேல படமாட்டா. அவன் தம்பியாச்சே.

அந்தத் தம்பி பேரு தவசிமுத்து. மஸ்கட்ல இருக்கான். ஆளு நல்லவன்தான், மண்டையில ஒண்ணும் கிடையாது. அருப்புக்கோட்டையில இவுங்க அப்பா காலத்துப் பழைய வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டணும்னு முடிவு பண்ணினான். பழைய வீடுன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஓடு எல்லாம் ஒழுகுது, எலித் தொல்லை. அதுல பின்பக்கம் ஒரு ரூம். அப்பா அம்மா போனதுக்கு அப்புறமும் அந்த ரூமை இவளுக்குன்னு விட்டு வச்சிருந்தாய்ங்க. நான் வீட்டுல ஏதாவது ஒரு வார்த்தை கூடக்குறைய சொல்லிட்டேன்னா போதும், பையைத் தூக்கிக்கிட்டு அங்க போயிருவா. குழம்பு வைக்கத் தெரியலன்னா தெரியலன்னுதானே சொல்லணும், அதுக்கு ஒரு பஸ் ஏறுறதா? போய் அந்த இருட்டுக்குள்ள படுத்துக் கிடந்துட்டு, நாலு நாள் கழிச்சுத் தானா வருவா. நான் போய்க் கூப்பிட்டதில்ல. எதுக்குக் கூப்பிடணும்?

இடிக்கப் போறான்னு தெரிஞ்சதும் இவ மூஞ்சி விழுந்துருச்சு. "புது வீட்டுலயும் எனக்குன்னு ஒரு ரூம் போட்டுருங்க"ன்னு எங்கிட்ட வந்து நின்னா. நான் சொன்னேன், தம்பிகிட்ட நீயே கேளேன். "கேட்டுட்டேன். மாமா பிளான்ல எப்படிப் போடுறாரோ அப்படியே கட்டிருவோம் அக்கா, நீ கவலைப்படாதன்னு சொல்லிட்டான். இனி உங்க கையிலதான் இருக்கு"ன்னா. வாழ்க்கையில எங்கிட்ட ஒண்ணும் கேட்காதவ தம்பி. நகை கேட்க மாட்டா, சேலை கேட்க மாட்டா. இதை மட்டும் நான் சாப்பிட உக்காரும்போது எல்லாம் கேட்டா. போட்டீங்களா, போட்டீங்களான்னு.

போட்டேன். போடாம இருப்பேனா? கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல, வேப்பமரத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் வச்சு, தனியா ஒரு வாசலும் கொடுத்து, நல்ல ரூமாப் போட்டேன். நடுவுல அக்கா அறைன்னு தமிழ்லயே எழுதினேன். மத்த ரூம்ல எல்லாம் சாமான் போட்டுக் காட்டுவேன். கட்டில் ஊதா, சோபா பச்சை, கார் சிவப்பு, இப்படிக் கலர் கலரா. சுவர், கதவு, எழுத்து எல்லாம் கறுப்பு. அது நான் வச்சிருக்கிற முறை. இவ ரூமுக்கு என்ன சாமான் போடட்டும்னு கேட்டேன். "எனக்கு எதுக்கு சாமான், ஒரு பாய் விரிச்சாப் போதும்"ன்னா. பாய்க்கு எல்லாம் படம் போட முடியுமா? சும்மா விட்டுட்டேன். வெறும் கறுப்புக் கோடு, நாலு பக்கம்.

இங்கதான் நீங்க கவனிக்கணும். படமா மாத்தி, பின்னணி இல்லாம, நம்ம தரத்துல, டாக்குமெண்ட்டா மஸ்கட்டுக்கு அனுப்பினேன். அன்னைக்கே கூப்பிட்டான். "மாமா, படம் வந்துச்சு. கட்டில் எல்லாம் அழகா இருக்கு. சுவரைத்தான் காணோம்"ங்கிறான்.

சுவரைக் காணோமாம்.

நான் சிரிச்சேன். வேற என்ன பண்றது? அப்புறம் விசாரிச்சா, கண்ணு கூசுதுன்னு போன் ஸ்கிரீனையே கறுப்பா மாத்தி வச்சிருக்கான். கறுப்பு மேல கறுப்புக் கோடு எப்படித் தெரியும்? கலர்ல போட்ட கட்டிலும் காரும் மட்டும் இருட்டுக்குள்ள தொங்குது. அதுக்கு நான் பொறுப்பா? "டேய், போனை வெள்ளையா மாத்திப் பாருடா"ன்னேன். "எப்படி மாமா மாத்துறது?"ன்னான். அது கூடத் தெரியாதவனுக்கு எல்லாம் வீடு எதுக்குன்னு கேட்டுட்டு வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவன் சுவரைப் பத்திப் பேசல. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு விட்டுட்டேன்.

இவளும் அன்னைக்கு வந்து அவ போன்ல பார்த்தா. இவ போனும் கறுப்புத்தான், அக்காளும் தம்பியும் ஒரே ரகம். "ஏங்க, என் ரூம் எங்க இருக்கு?"ன்னு கேட்டா. கம்ப்யூட்டர்ல காட்டினேன், இந்தா இருக்குன்னு. "இதுல இருக்கு, போன்ல இல்லையே. பின்னாடி வெள்ளையா வச்சு இன்னொரு தடவை அனுப்புங்களேன்"ன்னா. எனக்குச் சொல்லித் தர்றா. அது ஒரு டிக் போடுற வேலைதான், முடியாதுன்னு இல்ல. ஆனா ஒரு தடவை இறங்கிப் போனா அப்புறம் ஒவ்வொருத்தன் போனுக்கும் ஒரு படம் செய்ய வேண்டியதுதான். தரம்னு ஒண்ணு இருக்குல்ல. "உனக்கு அடுப்படியில வேலை இல்லையா?"ன்னு கேட்டேன், போயிட்டா.

போனவ சும்மா இருந்தாளா? அதுதான் இல்ல. நான் வெளிய போயிருந்த நேரம் பார்த்து, ஆபீஸ் ரூம்ல நான் பிரிண்ட் எடுத்து வச்சிருந்த பிளானைத் தரையில விரிச்சுப் போட்டு, அதைப் போன்ல போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கா. தற்செயலா அவ போனை எடுத்தேன், பார்த்துட்டேன். அந்தப் போட்டோவை நீங்க பார்க்கணுமே. கோணக்க மாணக்க. ஒரு மூலையில டியூப்லைட் வெளிச்சம் பளீர்னு அடிக்குது. இன்னொரு மூலையில இவ கட்டைவிரல். எழுத்துல பாதி கலங்கிப் போய்க் கிடக்கு. அக்கா அறைங்கிறது மட்டும் ஏதோ படிக்கிற மாதிரி இருந்துச்சு, ஏன்னா அதைத்தான் நடுவுல வச்சு எடுத்திருக்கா. கீழ என் பேரு தம்பி. நான் போட்ட டிராயிங்னு என் பேரு, அந்த லட்சணத்துல, மஸ்கட் வரைக்கும் போயிருக்கு.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுருச்சு. உடனே தவசிமுத்துவைக் கூப்பிட்டேன். "அக்கா ஏதாச்சும் படம் அனுப்பினாளா?" "ஆமா மாமா, ஏதோ வந்திருக்கு. டியூட்டியில இருக்கேன், இன்னும் திறக்கல." "திறக்காத. அழிச்சிரு. நான் அனுப்புனதுதான் பிளான், வேற எதையும் பார்க்கக் கூடாது." "சரி மாமா." அந்த மரியாதை அவங்கிட்ட உண்டு. இவ போன்லயும் நானே அழிச்சேன். இவ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. தப்புன்னு தெரிஞ்சா வாயைத் திறக்க மாட்டா, அது அவ குணம்.

காரியாபட்டி வந்துருச்சு போல. டீ குடிக்கிறீங்களா? இங்க நிக்க மாட்டான், சும்மா ஆள் ஏத்துறதோட சரி. பாருங்க, எம்புட்டுக் கூட்டம் ஏறுதுன்னு. கோழிக்கூடையோட ஏறுறான் ஒருத்தன். உள்ள தள்ளி உக்காருங்க தம்பி, இல்லேன்னா உங்க மடியில வச்சுருவான். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?

ஆங், கட்டடம். நான் ஒரு தடவை கூடப் போய்ப் பார்க்கல. ஏன் போகணும்? பிளான் போட்டவன் தானா போய்ச் சைட்ல நிக்கிறதா? கூப்பிட்டா போவேன். அவன் கூப்பிடல. இவ ஒரு தடவை, "நாம போய் எட்டிப் பார்த்துட்டு வருவோமா?"ன்னா. கூப்பிடாத எடத்துக்குப் போற வழக்கம் எனக்கு இல்லன்னுட்டேன். நீயும் தனியா போய் நின்னு என் மானத்தை வாங்காதேன்னும் சொன்னேன். இன்னைக்குத்தான் விடிய ஓமத்துக்குப் போய் இறங்குறோம்.

தம்பி, அந்த வீட்டை நீங்க பார்க்கணும். ஹால்ல சோபா இருக்கு, சோபாவைச் சுத்தி இடிக்கிற மாதிரி சுவர். பெட்ரூம்னு ஒண்ணு, கட்டிலைப் போட்டா கதவு திறக்காது, கட்டிலைச் சுத்தி அளவு எடுத்த மாதிரி சுவர் எழுப்பியிருக்கான். சாப்பாட்டு மேசைக்கு ஒரு கூண்டு. எனக்குத் தலை சுத்துது. யார்டா இதைக் கட்டுனதுன்னா, உள்ளூர் இன்ஜினியராம். லீவுல வந்திருந்த தவசிமுத்து சொல்றான், "மாமா, உங்ககிட்ட மறுபடி கேட்கப் பயமா இருந்துச்சு. நீங்க அனுப்புன படத்தை அவர்கிட்ட கொடுத்தேன். சாமான் எல்லாம் சரியா இருக்கு, சுவரை நான் போட்டுக்கிறேன்னு சொன்னார்". அவனும் கறுப்புப் போன்லதான் பார்த்திருப்பான். எங்க சாமான் இருக்கோ அங்க ரூம். சாமான் இல்லாத எடத்துல ரூமும் இல்ல. அம்புட்டுத்தான் அவன் படிச்ச படிப்பு. இவனுக்கு எல்லாம் பட்டம் கொடுத்தவனைச் சொல்லணும்.

நான் அந்த இன்ஜினியரைத் தேடிக்கிட்டு இருந்தேன், நாலு வார்த்தை கேட்கலாம்னு. வரல, தப்பிச்சான். திரும்பிப் பார்த்தா இவளைக் காணோம். எங்கடான்னு பார்த்தா வெளிய நிக்கிறா, கார் நிறுத்துற எடத்துல. அகலமா, ரெண்டு கார் நிறுத்துற மாதிரி, சிமெண்ட் தரை போட்டு விட்டிருக்கான். அந்தப் பக்கம் வேப்பமரம் இருக்கு. இவ கையில பையோட அந்தத் தரையில நிக்கிறா. அந்தப் பையைப் பத்திச் சொல்லணும் உங்ககிட்ட. ஒரு நாள் விசேஷத்துக்குக் கிளம்புறோம், இவ பெரிய பையில துணி, மருந்து மாத்திரை, போர்த்திக்கிற போர்வை, அவ அம்மா படம், எல்லாம் அடைச்சுக்கிட்டு வந்திருந்தா. என்னாத்துக்குடி இம்புட்டுன்னு மதுரையிலயே கேட்டேன். ஜிப்பை இழுத்து மூடிட்டா.

தவசிமுத்து அவகிட்ட வந்தான். "அக்கா, என்னக்கா இங்க வந்து நிக்கிற?"ன்னான். "என் ரூம் எங்கடா?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா, சத்தம்கூடப் போடல. அவன் முழிக்கிறான். "மாமா அனுப்புன படத்துல உனக்கு ரூம் இல்லயேக்கா. ரெண்டு பேரும் பேசி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். நானா எப்படிக் கேட்கிறது, மாமா என்ன நினைப்பாரோன்னு இருந்துட்டேன்." அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆம்பள அழுகுறான். போனை எடுத்து அவகிட்ட நீட்டுறான், பாருக்கான்னு.

நானும் எட்டிப் பார்த்தேன். தம்பி, உண்மையைச் சொல்றேன், அந்த வேதனையிலயும் எனக்கு ஒரு பெருமை. கறுப்பு மேல சிவப்புக் கார் எப்படி நிக்குது தெரியுமா? பெருசாக்கிக் காட்டினேன், டயர்ல இருக்கிற வரி வரைக்கும் தெரியுது. "பாருடி, எங்கயாச்சும் ஒரு கோடு உடைஞ்சிருக்கா?"ன்னு இவகிட்ட காட்டினேன். கார் பக்கத்துல ஒண்ணுமில்லாத கறுப்பா இருக்குல்ல, அதையே பார்த்துக்கிட்டு நின்னா. அந்த எடத்தை விரலால தடவிக்கூடப் பார்த்தா, பைத்தியக்காரி.

அப்புறம் பந்தியில என் பக்கத்துல உக்காரல. தவசிமுத்து போய் "ரெண்டு நாள் இருந்துட்டுப் போக்கா, ஹால்ல படுத்துக்கலாம்"னு கெஞ்சினான். "விருந்தாளியா இருக்க வரலடா"ன்னுட்டா. அதுல நான் அவ பக்கம்தான், ஹால்ல எல்லாம் படுக்க முடியாது, சோபாவே நெருக்கிக்கிட்டு இருக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் வாயைத் திறந்தா. "மதுரை வீட்டுல அந்த ஆபீஸ் ரூமை எனக்குக் கொடுங்க"ன்னா. எப்படி இருக்கு பாருங்க. இருக்கிறதே ரெண்டு ரூம். ஒண்ணுல ரெண்டு பேரும் படுக்கிறோம், இன்னொண்ணுல என் கம்ப்யூட்டர். நான் எங்க போய் வேலை பார்க்கிறது? "ஏன், அடுப்படி முழுக்க உன்னுதுதானே, அங்க எவன் வர்றான்?"னு சொன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன். சிரிக்கலாம்ல, ஒரு மனுஷன் இறுக்கத்தைக் குறைக்கிறதுக்காகச் சொன்னா? என்னை ஒரு பார்வை பார்த்தா. "சரிங்க"ன்னா. சரின்னுட்டாளேன்னு எனக்கும் நிம்மதி. பஸ் வந்துச்சு, நேரா போய் முன்னாடி உக்காந்துட்டா.

நாளைக்குச் சரியாப் போயிருவா. இனி கோவிச்சுக்கிட்டு எங்க போக முடியும்? அந்த வகையில இந்த முட்டாப் பயலுக கட்டுனதுலயும் ஒரு நன்மை இருக்கு, இல்லையா தம்பி? எப்படிக் கோவிச்சாலும் எங்க வீட்டுக்குள்ளதான் கோவிக்கணும். என்ன, போனையும் உள்ள வச்சுட்டீங்க. உங்க பிளானை எனக்கு அனுப்புங்க, நான் ஒழுங்கா போட்டுத் தர்றேன். நம்பர் சொல்றேன்.

வலையங்குளம் தாண்டிருச்சு. கூட்டம் குறையுது, நல்லவேளை. மாட்டுத்தாவணியில அவளை எழுப்பணும், பஸ்ல உக்காந்தாலே தூங்கி விழுவா.

அந்தச் சீட்ல யாரோ கோழிக்கூடைக்காரன் உக்காந்திருக்கானே. எழுந்து எடம் கொடுத்தாளா? நிக்கிறாளா எங்கயாச்சும்? உங்களுக்குத் தெரியுதா, மாம்பழக் கலர்?

கண்டக்டர், ஏப்பா கண்டக்டர். அங்க ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, பெரிய பையோட. எங்க?

என்ன சொல்றாரு? காரியாபட்டியிலயா? டிக்கெட்டே காரியாபட்டிக்குத்தான் எடுத்தாங்களா? இல்லப்பா, ரெண்டு டிக்கெட்டும் மதுரைக்கு நான்ல எடுத்தேன்? அவங்க முன்னாடியே தனியா எடுத்துட்டாங்களா? நீ எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் பேசிக்கிட்டு வந்தேன்னா, பேசுற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?

காரியாபட்டியில அவளுக்கு யாரு இருக்கா? எனக்குத் தெரிஞ்சு யாருமே இல்லையே. வேற ஊர் பஸ் ஏறியிருப்பாளோ?

இருங்க, கூப்பிடுறேன். ரிங் போகுது. எடுக்கல. மறுபடி போடுறேன். கட் பண்றா தம்பி. வேணும்னே கட் பண்றா.

உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க. என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டா.